யாரும் தொடாத பியானோ எப்படிச் சுருதி இறங்கும்?

"14 வருஷமா யாரும் இதைத் தொடவே இல்லை சார். வாசிச்சாத்தானே கெடும்? அப்படியே புதுசு மாதிரி இருக்கும், பாருங்க."

அந்த அம்மா முழு நம்பிக்கையோடு சொன்னார்கள். மேல்மூடியில் தூசி என்று ஒரு பொட்டுகூட இல்லை. அப்பா வாசித்த பியானோ. துணி விரித்து, மெருகு போட்டு, அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்கள். இப்போது பேத்தி கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறாள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மூடியைத் திறந்து நடு ஸ்தாயியின் 'ஏ' கட்டையை அழுத்தினேன். அது 440 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 440 அதிர்வில், ஒலிக்க வேண்டும். அளவி 427 சொச்சம் காட்டியது. ஒரு கட்டைக்கும் அதற்கு அடுத்த கட்டைக்கும் (வெள்ளையோ கறுப்போ) உள்ள தூரத்தை நூறாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கைத்தான் சென்ட் என்கிறோம். அந்தக் கணக்கில் 50 சென்ட் இறக்கம். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், சரிபாதியில் நின்றது அப்பாவின் பியானோ.

இனி நான் பேச வேண்டும். வழக்கமான டியூனிங் இதற்குப் போதாது, ஒரு சுற்று அதிகம் வேண்டும், நேரமும் கட்டணமும் கூடும், கம்பி அறுந்தாலும் அறும், சில வாரத்தில் நான் திரும்ப வர வேண்டும். இத்தனையையும், இவ்வளவு அன்பாகப் பாதுகாத்த ஒருவரிடம் சொல்ல வேண்டும். கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் டியூனிங் லீவர் என் கைக்குப் பழகச் சில வருடம் ஆனது. இந்தப் பேச்சு பழக அதைவிட அதிக காலம் ஆனது. அதில் கற்றுக்கொண்டதை இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகவும், பூட்டியே கிடந்த பியானோவைத் திறக்கப் போகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் எதுவுமே சொல்ல மாட்டேன். ஒரு டியூனிங் என்று கூப்பிட்டவரிடம் போய் நின்றுகொண்டு வேலை அதிகம் என்றால், காசு பிடுங்கப் பார்க்கிறான் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். ஒரு வீட்டில் 35 சென்ட் இறங்கிய பியானோவை ஒரே சுற்றில் முடித்துவிட நினைத்து, ஒவ்வொரு கம்பியாகப் பொறுமையாகச் சேர்த்தேன். கடைசிக் கட்டை வரை முடித்துவிட்டு, தொடங்கிய இடத்துக்கு வந்து பார்த்தால் நடுக்கட்டைகள் எல்லாம் மறுபடி கீழே போயிருந்தன. ஆங்காங்கே நிமிர்த்திவிட்டுக் கிளம்பினேன். பத்து நாளில் போன் வந்தது. "நீங்க வர்றதுக்கு முன்னாடியே பரவாயில்லாம இருந்துச்சு" என்றார் அவர். அவர் சொன்னது உண்மை. முன்பு பியானோ முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இறங்கியிருந்ததால் தனக்குள் ஒத்துப்போயிற்று. நான் செய்த வேலைக்குப் பிறகு ஒரு பகுதி ஏறியும் ஒரு பகுதி சரிந்தும் நின்றது.

அதன் பிறகு வேறு தவறு செய்யத் தொடங்கினேன். தேவையான முதல் சுற்றைச் செய்வேன், ஆனால் சொல்ல மாட்டேன், கட்டணமும் கேட்க மாட்டேன். நல்ல மனதோடு செய்தது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். பத்து வருடம் பூட்டி வைத்தாலும் அதே இரண்டு மணி நேரம், அதே கட்டணம் என்று அந்த வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அடுத்து வேறொரு டியூனர் அதே வீட்டுக்குப் போய் நியாயமான கட்டணம் கேட்டபோது அவர் ஏமாற்றுக்காரர் ஆனார். இது அவர் வாயாலேயே எனக்குத் தெரிய வந்தது. அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

மூன்றாவது தவறுதான் இன்றும் மனதில் நிற்கிறது. வயதான ஒருவர் வீடு. மேல் ஸ்தாயியில் ஒரு கம்பியை ஏற்றும்போது 'டப்'பென்று அறுந்தது. துரு ஏறிய கம்பி. எவர் கையில் வேண்டுமானாலும் அறுந்திருக்கும். ஆனால் அவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது? நாற்பது வருடமாக அறுபடாத கம்பி, நான் தொட்டதும் அறுந்தது. "தம்பி, உங்க கை பட்டதும்தானே அறுந்துச்சு" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். துருவைப் பற்றி அதற்குப் பிறகு நான் சொன்ன எல்லாமே சாக்குப்போக்காகத்தான் கேட்டிருக்கும். அறுவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் அது தகவல். அறுந்த பிறகு சொன்னால், அதே வார்த்தைகள், தப்பித்துக்கொள்ளும் பேச்சு.

சரி, வாசிக்காமலேயே பியானோ எப்படி இறங்குகிறது? வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டால் மீதிப் பேச்சு பாதி முடிந்த மாதிரி.

ஒரு பியானோவில் ஏறத்தாழ 230 கம்பிகள் இருக்கின்றன. கட்டை 88தான், ஆனால் நடுவிலும் மேலேயும் ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள், கீழ்ப் பகுதியில் இரண்டோ ஒன்றோ. சரியான சுருதியில் நிற்கும்போது ஒரு கம்பியின் இழுவை சராசரியாக 70 கிலோவுக்கு மேல். மொத்தமாகக் கூட்டினால் 18 டன் அளவுக்குப் போகும். உள்ளே அந்தக் கனமான வார்ப்பிரும்புச் சட்டம் இருப்பதே இந்த இழுவையைத் தாங்கத்தான். யாரும் வாசிக்காத ராத்திரியிலும் அந்த 18 டன் இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. கம்பி கொஞ்சம் கொஞ்சமாக நீளும், வளையும் இடங்களில் படியும்.

இதோடு மரம். கம்பிகள் ஒரு மரப்பாலத்தின் மேல் அழுந்திப் போகின்றன. வீணையில் குதிரை என்கிறோமே, அதே வேலைதான். அதற்குக் கீழே ஒலிப்பலகை, லேசாக மேல்நோக்கி வளைந்த மெல்லிய ஸ்ப்ரூஸ் மரப்பலகை. காற்றில் ஈரம் கூடினால் அந்தப் பலகை உப்பிக் குதிரையை மேலே தள்ளும், சுருதி ஏறும். காற்று வறண்டால் பலகை தணியும், சுருதி இறங்கும். நடுப்பகுதிக் கட்டைகளில் இது அதிகம், அடிக்கட்டைகளில் குறைவு. வருடா வருடம் இந்த ஏற்ற இறக்கம் நடக்கிறது. கம்பியும் நீள்வதால் ஒவ்வொரு சுற்றிலும் முன்பிருந்த இடத்துக்குச் சற்றுக் கீழேயே வந்து நிற்கிறது. ஓங்கி வாசிப்பதாலும் சுருதி கலையும், உண்மைதான். ஆனால் வாசிக்காமல் விடுவது பியானோவைக் காப்பாற்றாது. தொடாமல் வைத்ததில் கட்டைகள் தேயவில்லை, கம்பியைத் தட்டும் சுத்தியல்களின் கம்பளி தேயவில்லை. அந்த அம்மாவிடம் இந்த நல்ல செய்தியைத்தான் முதலில் சொன்னேன்.

அடுத்தது, ஏன் ஒரே சுற்றில் முடியாது என்பது. இதற்கு நான் கயிற்றுக் கட்டிலைத்தான் சொல்வேன். தொய்ந்த கட்டிலில் ஒரு முனையிலிருந்து கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு போனால், மறுமுனைக்கு வருவதற்குள் முதலில் இறுக்கியது தளர்ந்திருக்கும். சட்டம் இழுவைக்கு ஏற்ப அசைந்து கொடுக்கிறது. பியானோவும் அப்படித்தான். ஒவ்வொரு கம்பியையும் ஏற்ற ஏற்ற ஒலிப்பலகை அழுந்துகிறது, இரும்புச் சட்டமும் மயிரிழை அளவு வளைந்து கொடுக்கிறது. ஏற்கெனவே சேர்த்த கம்பிகள் எல்லாம் சேர்ந்தே இறங்குகின்றன. நடுப்பகுதியில் ஏற்றிய அளவில் கால் பங்கு போலத் திரும்ப இறங்கிவிடும்.

சுருதியை ஏற்றினால் இழுவை எவ்வளவு கூடும் என்பதற்குக் கணக்கு உண்டு. இழுவை, அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 50 சென்ட் ஏற்றினால் அதிர்வெண் 3 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது. இழுவை 6 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது. 18 டன்னில் 6 சதவீதம் என்றால் ஒரு டன். "அம்மா, இன்னைக்கு உங்க பியானோ மேல ஒரு டன் இழுவையைத் திரும்ப ஏத்தப் போறோம்" என்றேன். அவர்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். சென்ட், ஹெர்ட்ஸ் எல்லாம் யாருக்கும் மனதில் ஒட்டாது. ஒரு டன் ஒட்டும்.

அதனால் முதல் சுற்றில் நுணுக்கம் பார்ப்பதில்லை. முழுப் பியானோவையும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் வேகமாக மேலே கொண்டுவருகிறோம். திரும்ப இறங்கும் என்று தெரிந்தே இலக்குக்குச் சற்று மேலேயே நிறுத்துகிறோம். 50 சென்ட் ஏற்ற வேண்டிய நடுக்கட்டையை 12 சென்ட் போலக் கூடுதலாக. செம்புக் கம்பி சுற்றிய அடிக்கம்பிகளை அவ்வளவு மிஞ்சி ஏற்ற மாட்டேன். அவை இறங்குவதும் குறைவு, அறுந்தால் மாற்றுவதும் கஷ்டம். முழுச் சுற்றும் முடிந்து பியானோ தன் இடத்துக்கு அருகில் வந்து அமர்ந்த பிறகுதான் உண்மையான டியூனிங் தொடங்குகிறது.

இங்கே சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "கூடுதல் வேலை" என்று நான் இப்போது சொல்வதே இல்லை. கூடுதல் என்ற சொல் காதில் விழுந்ததும் கூடுதல் காசு என்றுதான் கேட்கும். வேண்டாம் என்றும் சொல்லலாம் போல இருக்கும். இந்தச் சுற்று இல்லாமல் அடுத்தது நிற்காது என்பதால் "முதல் சுற்று, இரண்டாம் சுற்று" என்று சொல்கிறேன். "கவனிக்காம விட்டுட்டீங்க" என்பதையும் விட்டுவிட்டேன். பியானோ வருடக்கணக்காக மூடிக் கிடப்பதற்குப் பின்னால் ஒரு சாவோ, ஒரு நோயோ, வீடு மாறியதோ, வெளியூர் போன பிள்ளையோ இருக்கும். நாம் அதைக் கேட்கவும் வேண்டாம், குத்திக்காட்டவும் வேண்டாம். "கம்பி தளர்ந்திருக்கு, திரும்ப ஏத்தணும்" என்றால் போதும். பழி யார் மேலும் விழாத வாக்கியம் அது. தன்மேல் பழி வந்ததாக நினைக்கும் மனிதர் எந்த விளக்கத்தையும் கேட்க மாட்டார். இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

பேச்சைவிடப் பெரிய உதவி வாடிக்கையாளரின் காது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முழுப் பியானோவும் சேர்ந்தாற்போல இறங்கியிருந்தால் பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே தெரியாது. தனியாகக் கேட்டால் பாட்டு பாட்டாகத்தான் கேட்கும். "எனக்கு நல்லாத்தானே இருக்கு" என்பவரிடம் "இல்லை, 50 சென்ட் குறைவு" என்று சாதிப்பதில் பலன் இல்லை. அதனால் நான் வரிசை வைத்திருக்கிறேன். முதலில் கலைந்த ஒரு கட்டையை எடுத்து, அதன் மூன்று கம்பிகளில் இரண்டை ரப்பர் ஆப்பு வைத்து அடக்கிவிட்டு அழுத்தச் சொல்வேன். ஒற்றைக் கம்பி, தெளிவான குரல். ஆப்பை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தச் சொல்வேன். 'வா... வா... வா...' என்று அலையும். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நொடிக்கு ஒரு அதிர்வு வித்தியாசம் இருந்தால் நொடிக்கு ஒரு அலை. இது எந்தக் காதுக்கும் கேட்கும், சின்னக் குழந்தைக்கும் கேட்கும். காது திறந்துவிட்டால், அப்புறம் 440ல் ஒலிக்கும் இசைக்கவையைத் தட்டிப் பியானோவின் மரத்தில் ஊன்றி, கூடவே 'ஏ' கட்டையை அழுத்தச் சொல்வேன். இரண்டும் மோதும். அந்தப் பேத்தியிடம் இதைச் செய்தபோது, "வீடியோ பாத்து வாசிக்கறப்போ எல்லாமே தப்பாவே வருதே, அதனாலயா?" என்று கேட்டாள். அதனால்தான். பதிவில் ஒலிப்பது 440; இவள் விரலுக்கு அடியில் 427. குழந்தை ஒரு மாதமாகத் தன் விரலைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அதன் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் நான் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

சிலர் வேறு கேள்வி கேட்பார்கள், நியாயமான கேள்வி. வீணையிலும் பாட்டிலும் அவரவர் சுருதியை அவரவர் வைத்துக்கொள்கிறார்களே, பியானோ ஏன் 440லேயே நிற்க வேண்டும்? 1939ல் லண்டனில் கூடிய மாநாடு இந்த அளவைப் பரிந்துரைத்தது, பிறகு அது ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேச அமைப்பின் தரமும் ஆனது; உலகம் முழுக்கப் பதிவுகளும் மற்ற வாத்தியங்களும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் இருக்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு கம்பியின் நீளமும் தடிமனும் அந்த இழுவைக்கென்றே கணக்கிட்டவை. இழுவை குறைந்தால் குரலின் துலக்கமும் கொஞ்சம் குறையும். ஆனால் எல்லாப் பியானோவையும் 440க்கு ஏற்றியே தீர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். துரு மிகுந்து, கம்பிகள் பழசாகி, தனியாக வாசித்து மகிழ மட்டும் என்றால், இருக்கும் உயரத்திலேயே தனக்குள் ஒத்துப்போகும்படி சேர்த்துக் கொடுப்பேன். அது ஒரு நேர்மையான வழி. ஆனால் பதிவோடும் மற்ற வாத்தியத்தோடும் சேர்ந்து வாசிக்க முடியாது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். கற்றுக்கொள்ளும் குழந்தை இருக்கும் வீட்டில் இதை நான் சிபாரிசு செய்வதில்லை. அந்தக் காது அந்த உயரத்திலேயே பழகிவிடும்.

லீவரைத் தொடுவதற்கு முன் விளக்கடித்துப் பார்க்கும் வேலையை வாடிக்கையாளரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே செய்கிறேன். கம்பி குதிரையில் படியும் இடத்தில் துரு எப்படி இருக்கிறது, கம்பியின் முனையைப் பிடித்திருக்கும் பின்னை (லீவரால் திருப்புவது இதைத்தான்) சுற்றிய சுருளில் துரு எப்படி, முன்பே அறுந்து மாற்றிய கம்பிகள் உண்டா, அடிக்குதிரையில் விரிசல் இருக்கிறதா. இரண்டு மூன்று பின்களை லீவரால் லேசாக அசைத்துப் பார்த்தால் பிடிமானம் தெரிந்துவிடும். ஒட்டிக்கொள்ளும் கட்டைகள், பூச்சி அரித்த கம்பளி, சில நேரம் கட்டைகளுக்கு அடியில் எலிக்கூடு. டியூனிங் என்றால் இதெல்லாம் சேர்த்துத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கம்பியின் இழுவையைச் சரிசெய்வது டியூனிங்; கட்டை ஒட்டுவதும் பெடல் கிறீச்சிடுவதும் வேறு வேலை, வேறு நேரம். இதை அந்த நிமிடத்திலேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும்.

கம்பி அறுவதைப் பற்றி இப்போது நான் பேசும் விதம் இது. "இந்தத் துருவைப் பாருங்க. ஏத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பியையும் கொஞ்சம் இறக்குவேன். துரு பிடிச்ச ஒட்டு அதுல விடும், 'டிக்'னு சின்ன சத்தம் வரும், பயப்படாதீங்க. அப்புறம்தான் ஏத்துவேன். இவ்வளவு பாத்துச் செஞ்சாலும் ஒண்ணு ரெண்டு அறுந்து போகலாம். அறுந்தா அது ஏற்கெனவே பலம் போன கம்பி. மேல் ஸ்தாயிக் கம்பின்னா என் பெட்டியில இருக்கு, இன்னைக்கே மாத்திடலாம். அடிக்கம்பின்னா அளவெடுத்துச் சுத்தி வாங்கணும், நாளாகும்." மாற்றும் கட்டணத்தையும் அப்போதே சொல்கிறேன். அடிக்கம்பி பின்னுக்கு அருகில் அறுந்திருந்தால் அதே தடிமனில் சிறு துண்டு கம்பியை முடிச்சுப் போட்டு இணைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. புதுச் செம்புக் கம்பி அக்கம்பக்கத்துப் பழைய கம்பிகளைவிடப் பளிச்சென்று தனியாகக் கேட்கும். முடிச்சுப் போட்டால் பழைய குரல் அப்படியே இருக்கும்.

இன்னும் ஒரு படி முன்னால் போனால், வீட்டுக்குப் போவதற்கு முன்பே பாதி விளக்கத்தை முடித்துவிடலாம். போனில் யாராவது கூப்பிட்டால் கடைசியாக எப்போது டியூன் செய்தார்கள், எங்கிருந்தாவது மாற்றி வைத்தார்களா என்று கேட்கிறேன். பிறகு நடு ஸ்தாயி 'ஏ'யையும் அதற்கு மேலும் கீழும் உள்ள 'ஏ'க்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பதிவு செய்து அனுப்பச் சொல்கிறேன். பதிவில் குரலின் அழகு குறையலாம், உயரம் மாறாது. எத்தனை சென்ட் என்று என் மேசையிலேயே அளந்துவிடலாம். உள்ளே ஒரு படமும் கேட்கிறேன். அதை வைத்து, "ஒரு சுற்றுப் போதாது போலத் தெரியுது, ரெண்டு சுற்றாகும், கட்டணம் இந்த அளவுக்குள்ள இருக்கும், நேர்ல பார்த்து உறுதியாச் சொல்றேன்" என்று சொல்லிவிடலாம். யோசிக்க அவர்களுக்கு இரண்டு நாள் கிடைக்கிறது. வாசலில் டியூனர் நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல மனிதர்களுக்குக் கூச்சமாக இருக்கும்; அந்தக் கூச்சத்தில் வாங்கும் சம்மதம் எனக்கு வேண்டாம்.

கட்டணத்தை மறைக்காமல் இரண்டு வரியாக எழுதிக் கொடுக்கிறேன்: முதல் சுற்று, டியூனிங். என் கணக்கில் முதல் சுற்றுக்கு ஒரு டியூனிங் கட்டணத்தில் பாதி. இருபது சென்ட்டுக்குக் கீழே உள்ள சிறு இறக்கத்துக்குத் தனியாகக் கேட்பதில்லை. டியூனர்கள் பலர் கேட்கிறார்கள், அதிலும் தவறில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்துவந்தால் இந்த முதல் வரி மறுபடி வராது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு முறையும் இவ்வளவு ஆகுமோ என்று பயந்து இன்னொரு பத்து வருடத்துக்கு மூடிவிடுவார்கள்.

மாலை நிகழ்ச்சிக்குக் காலையில் கூப்பிடுகிறவர்களும் உண்டு. 70 சென்ட் இறங்கிய பியானோ, கூட வயலின் வாசிக்கப் போகிறார்கள். மூன்று சுற்றுப் போட்டும், நிகழ்ச்சியின் பிற்பாதியில் நடுக்கட்டைகள் சரிந்ததை அரங்கில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஏற்பாட்டாளர்களிடம் முன்பே சொல்லியிருந்ததால் வார்த்தை வளரவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு இப்படிப்பட்ட அழைப்பை நான் ஏற்பதில்லை. மூன்று வாரம் முன்னால் ஒருமுறை, நிகழ்ச்சியன்று ஒருமுறை என்றால்தான் வருவேன்.

முடியாது என்று சொல்ல வேண்டிய பியானோக்களும் இருக்கின்றன. பின்கள் செருகியிருக்கும் மரப்பலகை வறண்டு பிளந்து, லீவரை எடுத்ததும் பின் திரும்பச் சுழல்கிறது என்றால் எத்தனை சுற்றுப் போட்டும் நிற்காது. சில பின்கள் மட்டும் தளர்ந்திருந்தால் மெல்லிய சூப்பர் க்ளூ பசையை அடியில் இறக்கியோ, ஒரு அளவு பெரிய பின் போட்டோ காப்பாற்றலாம். முழுவதும் அப்படி என்றால் அது பழுதுபார்ப்பைத் தாண்டிய வேலை. இலவசமாகக் கிடைத்தது என்று பியானோவைத் தூக்கி வந்தவர்கள் இதைக் கேட்டு உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். தூக்குவதற்கு முன் ஒருமுறை டியூனரைக் காட்டுங்கள் என்று யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இறந்தவர் வாசித்த பியானோ என்றால் இந்தச் செய்தியை நான் நின்றுகொண்டு சொல்வதில்லை, உட்கார்ந்து சொல்கிறேன். வேறு ஒருவரிடமும் காட்டிக் கேளுங்கள் என்கிறேன். அன்று கட்டணம் வாங்குவதில்லை.

அந்த அம்மா வீட்டில் இரண்டு சுற்றும் முடிய மூன்று மணி நேரத்துக்குக் கிட்ட ஆனது. நடு ஸ்தாயிக்கு மேலே 'ஈ'யின் ஒரு கம்பி அறுந்தது. சத்தம் கேட்டு உள்ளிருந்து வந்தார்கள். எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னதுதானே? மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். அந்தப் பழைய வீட்டில் என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர் நினைவுக்கு வந்தார்.

கிளம்பும்போது சிறு அட்டை ஒன்றில் தேதி, எத்தனை சென்ட் இறங்கியிருந்தது, எவ்வளவு ஏற்றினேன், எந்தக் கம்பி புதிது, அறையின் ஈரப்பதம் எவ்வளவு என்று எழுதி மேல்மூடிக்கு உள்ளே ஒட்டிவிட்டு வந்தேன். அடுத்து நானே வந்தாலும், வேறு யார் வந்தாலும் அது கைகொடுக்கும். ஈரப்பதம் 40லிருந்து 50 சதவீதத்துக்குள், அதைவிட முக்கியமாக ஏறி இறங்காமல் இருந்தால் நல்லது. வெயில் விழும் ஜன்னலோரத்திலிருந்தும் ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்திலிருந்தும் பியானோவை நகர்த்தச் சொன்னேன். அன்றே நகர்த்தினார்கள்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது நடுக்கட்டைகள் 6 சென்ட் இறங்கியிருந்தன, அடிக்கட்டைகள் 2. இவ்வளவுதான் இறங்கும் என்று முன்பே சொல்லியிருந்தேன்; அளவியைத் திருப்பி அவர்களிடமே காட்டினேன். ஒரு சாதாரண டியூனிங்கில் முடிந்தது. புதுக் கம்பி மட்டும் இன்னும் சில மாதம் நீண்டுகொண்டே இருக்கும், அது அலைந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லி வந்தேன்.

நாலு மாதம் இருக்கும், போன் வந்தது. "சார், மேல ஒரு கட்டை 'வா வா'ன்னு அலையுது. பாப்பாதான் கண்டுபிடிச்சா. எனக்கும் இப்போ கேக்குது. பதிவு பண்ணி அனுப்பறேன், பாருங்க."

அனுப்பினார்கள், கேட்டேன். அதே 'ஈ'.